அடியாத குதிரையும் படியும்

நம் பத்திரிகைகளில் குதிரை எங்கெல்லாம் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஏதாவது ஒரு ஆட்சி ஆட்டம் கண்டால் 'குதிரை பேரம்' என்று வரும். கிடைக்காத சாமானுக்குக் 'குதிரைக் கொம்பு'. விலைவாசிக்குக் 'குதிரைப் பாய்ச்சல்'. நாலு கால், பிடரி மயிர், வால் சகிதம் அசல் குதிரை வருவதுதான் அபூர்வம். இந்த வாரம் அசல் குதிரை. கூடவே, குதிரைக்கு வாத்தியாராக இருந்த மூன்று பேர்.

என் தகுதியை முதலிலேயே சொல்லி விடுகிறேன். பி.காம். மெரினாவில் ஒருமுறை இரண்டு ரவுண்டு போனதுண்டு. கயிற்றை ஒரு பையன் பிடித்திருந்தான். அவன் போன பக்கம் குதிரை போயிற்று. குதிரை போன பக்கம் நான் போனேன். அத்தோடு என் குதிரையேற்றம் சமாப்தம். இருந்தாலும் இந்த மூன்று பேரைப் பற்றிப் படிக்கப் படிக்க, நம்ம வீட்டுக் கூடத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் தினம் நடக்கிற சமாசாரத்தையே யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. அதனால்தான் இந்த வாரம் உங்களைக் குதிரை ஏற்றுகிறேன். பயப்படாமல் அங்கவடியில் கால் வையுங்கள்.

*

இடம், அமெரிக்காவின் மேற்குக் கோடி. ஆரிகன், ஐடஹோ, நெவாடா, கலிபோர்னியா என்று நீளும் மாட்டுப் பண்ணைப் பிரதேசம். மைல் கணக்கில் புல்வெளி, மாடு, மறுபடி மாடு. மாட்டை மடக்கிக் கொண்டுவரக் குதிரை. கலிபோர்னியாவில் ஸ்பெயின்காரர்கள் 1769-ல் குடியேறத் தொடங்கியபோது, மாட்டோடும் குதிரையோடும் கூடவே ஒரு சொல்லும் வந்தது: 'வாக்கேரோ'. 'வாக்கா' என்றால் ஸ்பானிஷில் பசு. ஆக வாக்கேரோ என்பவர் நம்ம மாட்டுக்கார வேலன்தான். தொப்பி மட்டும் கொஞ்சம் பெரிசு. அந்தச் சொல்தான் இங்கிலீஷ்காரர்கள் வாயில் புகுந்து புறப்பட்டு 'பக்கரூ' ஆயிற்று. அந்தப் பக்கத்துக் குதிரைக்காரர்கள் இன்றைக்கும் தங்களை அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறார்கள்.

நல்ல வாக்கேரோவுக்கு அவசரம் கிடையாது. முதலில் குதிரையின் வாயில் இரும்பே போட மாட்டார். பச்சைத்தோல் வாரில் பின்னிய ஒரு மூக்குவளையம், குதிரைமயிரில் திரித்த கயிறு, அவ்வளவுதான். அதில் நன்றாகப் பழகிய பிறகு, மூக்குவளையமும் கடிவாளமும் சேர்ந்தாற்போல் கொஞ்ச காலம். கடைசியில்தான் கடிவாளம் மட்டும். இந்த வரிசை முடிய வருஷக்கணக்கில் ஆகும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, வர்ணம், அப்புறம் கீர்த்தனை என்று நம் பாட்டு வாத்தியார்கள் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி. வாயில் இரும்பு ஏறுகிற சமயத்தில், அதை இழுக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி குதிரை தேறியிருக்க வேண்டும். அதுதான் கணக்கு.

ஆனால் எல்லாப் பண்ணைக்காரருக்கும் அந்தப் பொறுமை இருக்குமா? ஐம்பது குதிரை வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்பவருக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். குதிரைத் தலைக்கு இத்தனை டாலர் என்று காண்ட்ராக்ட். வேலை எப்படித் தெரியுமா? சுருக்குக் கயிறு வீசிப் பிடி. கம்பத்தோடு இறுக்கிக் கட்டு. கண்ணைத் துணியால் மூடு. சேணத்தை ஏற்று. மேலே ஏறி உட்கார். கண்கட்டை அவிழ். குதிரை துள்ளும், புரளும், உதறும். நுரை தள்ளி, இனி முடியாது என்று நிற்கும்வரை விடாதே. நின்றுவிட்டால் பாடம் முடிந்தது, காசை வாங்கிக் கொண்டு அடுத்த குதிரை.

இதற்கு அவர்கள் வைத்த பெயரே 'ஹார்ஸ் பிரேக்கிங்'. அதாவது குதிரையை உடைப்பது. நாமோ 'பழக்குவது' என்கிறோம். நல்ல சொல். ஆனால் சொல்லை வைத்து ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். 'அடியாத மாடு படியாது' என்று பழமொழியும் நாம்தான் வைத்திருக்கிறோம்.

*

ஆரிகன் மாநிலத்தில் வலோவா என்று ஒரு பள்ளத்தாக்கு. 'நெஸ் பர்ஸ்' என்ற பழங்குடி மக்களின் பூமி. நல்ல குதிரை வளர்ப்பதில் பேர்போனவர்கள். 1877-ல் அமெரிக்க ராணுவம் அவர்களை அங்கிருந்து விரட்டியது. விரட்டிவிட்டு, அவர்களுடைய தலைவர் ஜோசப்பின் பெயரையே அங்கே உருவான ஊருக்கு வைத்தார்கள்! துரத்துவதும் பெயர் சூட்டுவதும் ஒரே கையால் நடப்பது உலகம் முழுக்க வழக்கம் போலிருக்கிறது.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர்கள் டாரன்ஸ் சகோதரர்கள். அண்ணன் பில், 1906-ல். தம்பி டாம், 1910-ல். பில் பின்னால் கலிபோர்னியாவில் சலினாஸ் பக்கம் போய்க் குடியேறி, வாக்கேரோக்களின் பச்சைத்தோல் பின்னலையும் கயிறு வீச்சையும் கைவசப்படுத்திக் கொண்டவர். டாம் அதிகம் பேசாதவர். எந்தக் குதிரையிடமும் வம்புக்குப் போகாதவர். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அடங்காத குதிரை என்றால் டாமைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து வேலியோரம் நின்று முதலில் பார்ப்பார். ரொம்ப நேரம் பார்ப்பார். உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், குதிரைதான் என்பார்.

அவர் பார்த்தது என்ன? குதிரை என்பது அடிப்படையில் பிறர் பசிக்கு இரையாகும் பிராணி. கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், மூக்குக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் தவிர, நாலா பக்கமும் தெரியும். சந்தேகம் வந்தால் முதலில் ஓடும், அப்புறம்தான் யோசிக்கும். மலைச்சிங்கம் எங்கே பாயுமோ, அந்த முதுகின் மேல்தான் நாம் போய் உட்காருகிறோம். நினைத்துப் பாருங்கள். அது துள்ளுவது திமிரினால் அல்ல, உயிர் பயத்தினால். பயந்து துள்ளுகிறவனை அடித்தால் என்ன ஆகும்? தான் பயந்தது சரிதான் என்று அவனுக்கு ஊர்ஜிதமாகும்.

இன்னொன்று. ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறுகிற பிராணி அது. ஈயின் பாரம் தெரிகிறவனிடம் சவுக்கால் பேச வேண்டியதில்லையே!

டாரன்ஸ் சகோதரர்களின் வழியை என் சிற்றறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன். குதிரையைப் பின்னால் ஒரு அடி நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். லகானை லேசாகப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இழுக்கக்கூடாது. கொஞ்ச நேரத்தில் குதிரை என்னவோ கேட்கிறார்களே என்று யோசிக்கும். உடம்பின் பாரத்தைப் பின்னங்காலுக்கு மாற்றும். கால் இன்னும் நகரவில்லை. நகரலாமா என்று நினைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணமே பிடியைத் தளர்த்திவிட வேண்டும். 'ஓ, இதைத்தான் கேட்டார்களா!' என்று அதற்குப் புரிந்துவிடும். பாடம் பிடிப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. ஒரு நிமிஷம் தாமதமாக விட்டால் பாடமே மாறிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. பையன் ஒரு வழியாகப் புத்தகத்தை எடுத்து உட்காருவான். உடனே அப்பா, "இப்பத்தான் தொரைக்கு ஞானோதயம் வந்துதா? காலையிலேர்ந்து என்ன பண்ணே?" என்பார். கேட்டது கிடைத்த பிறகும் லகானை விடாத கேஸ் இது. பையன் என்ன கற்றுக் கொள்வான்? படித்தாலும் திட்டு, படிக்காவிட்டாலும் திட்டு. பேசாமல் படிக்காமலே இருந்துவிடலாம்.

*

மூன்றாமவர் ரே ஹன்ட். 1929-ல் ஐடஹோவில் பிறந்தவர். பண்ணை வேலைக்காரர். அவரிடம் ஹோண்டோ என்று ஒரு குதிரை இருந்தது. முதுகில் யார் ஏறினாலும் தூக்கி எறியும். ரேயும் லேசுப்பட்டவர் இல்லை. நீயா நானா பார்த்துவிடலாம் என்று மல்லுக்கு நின்றார். இரண்டு பேரும் ஜெயிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் டாம் டாரன்ஸை அவர் சந்தித்தார். ஹோண்டோ மாறியது என்று ஊரார் சொன்னார்கள். முதலில் மாறியது ரே.

டாம் கூச்ச சுபாவி. ரேதான் அந்த வித்தையை ஊர் ஊராகக் கொண்டு போனவர். எழுபதுகளிலிருந்து வகுப்புகள் நடத்தினார். அவருடைய வகுப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு பட்டிக்குள் சேணம் ஏற்றிப் பழக்கமே இல்லாத இளங்குதிரைகள் கும்பலாக நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஆள். வாயில் கடிவாளம் கிடையாது. "கையிலே ஒண்ணுமே இல்லாம எப்படி சார் திருப்பறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். திருப்பவே கூடாது. நடுவில் ரே தன் குதிரையில் உட்கார்ந்து, ஒரு கம்பு நுனியில் கட்டிய கொடியை ஆட்டுவார். மந்தை இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும். மேலே இருப்பவர் வேலை, விழாமல், பிடித்துத் தொங்காமல், கூடவே போவது. முதல் நாளே குதிரை கற்றுக்கொள்ளும் பாடம்: மேலே உட்கார்ந்திருக்கிற ஜந்து நம்மைத் தின்ன வந்ததில்லை.

மனுஷர்களிடம் ரே கொஞ்சம் கடுகடுப்பு. குதிரையிடம் காட்டிய பொறுமையில் காலணா கூட மாணவர்களிடம் காட்ட மாட்டாராம். வகுப்பைத் தொடங்கும்போதே, நான் இங்கே வந்திருப்பது குதிரையின் சார்பில் என்று சொல்லிவிடுவார். வக்கீல் வக்காலத்து நாமா தாக்கல் செய்கிற மாதிரி. கட்சிக்காரர் வாயில்லாதவர், ஃபீஸ் தருவதோ எதிர்க்கட்சி!

தப்பான வழியைக் கஷ்டமாக்கு, சரியான வழியைச் சுலபமாக்கு என்பது இவர்கள் பள்ளியின் பால பாடம். லாரியில் ஏறமாட்டேன் என்று குதிரை அடம் பிடித்தால், பின்னாலிருந்து நாலு பேர் தள்ளுவது பழைய முறை. இவர்கள் தள்ள மாட்டார்கள். லாரியை விட்டுத் தள்ளிப் போகிறாயா, தாராளமாகப் போ, அங்கே நிறைய நடை, நிறைய வேலை. லாரிப் பக்கம் வருகிறாயா, ஓய்வு. கொஞ்ச நேரத்தில் குதிரை தானாகவே லாரிக்குள் தலையை நீட்டும். நல்ல ஹெட் கிளார்க் எவருக்கும் இந்தத் தத்துவம் புரியும்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் இருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "குதிரைக்குச் சரிப்படும் தம்பி. பசங்களுக்குச் சரிப்படாது. கல்வி உரிமைச் சட்டம்னு 2009-லே ஒண்ணைக் கொண்டுவந்து பிரம்பைப் பிடுங்கிட்டாங்க. பயம் விட்டுப் போச்சு" என்றார்.

"பயம் போனா மரியாதையும் போயிடுமா சார்?" என்றேன்.

"அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்றார். பழமொழியோடு வாதாட முடியாது. காப்பி வந்தது, குடித்தோம்.

அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். செல்லம் கொடுத்துக் கெடுப்பதற்கு டாரன்ஸ் வழி என்று பெயர் இல்லை. நானூறு ஐநூறு கிலோ கனமுள்ள பிராணி, மனுஷன் மேல் சாய்ந்து நிற்கப் பழகிவிட்டால் ஆள் நசுங்கிப் போவான். எல்லை எது என்று அதற்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கோபமில்லாமல், உடனுக்குடன், ஒரே மாதிரி சொல்ல வேண்டும். நேற்று சும்மா விட்டதற்கு இன்றைக்கு அடிப்பதுதான் அவர்கள் அகராதியில் பெரிய குற்றம். நம்மில் பல பேர் அதைத்தான் கண்டிப்பு என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

*

ரே ஹன்ட்டின் மாணவர்களில் பக் பிரானமன் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 1962-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே அண்ணனும் இவருமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு கயிறு சுழற்றும் வித்தை காட்டி, டெலிவிஷன் விளம்பரம் வரை வந்தவர்கள். வித்தைக்குப் பின்னால் இருந்தது அப்பாவின் சாட்டை. அம்மா இருந்தவரை ஏதோ கொஞ்சம் காபந்து. அவர் காலமான பிறகு அதுவும் இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் அந்தப் பையனின் முதுகைப் பார்த்துவிட்டார். பையன்கள் இருவரும் மான்டானாவில் ஒரு பண்ணைத் தம்பதியிடம் வளர்ப்புப் பிள்ளைகளாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வளர்ப்புத் தகப்பனார் கட்டிப் பிடிக்கவில்லை, கண்ணீர் விடவில்லை. ஒரு ஜோடி தோல் கையுறையைக் கொடுத்து, வா வேலி போடலாம் என்று கூட்டிப் போனார். பையனுக்கோ அந்தப் புதுக் கையுறை பாழாகிவிடுமே என்று கவலை. போட்டுக்கொள்ளவே மனசு வரவில்லையாம். ஆண்கள் என்றாலே நடுங்கிக் கொண்டிருந்த பிள்ளையிடம், பயந்த குதிரைக் குட்டியிடம் நடந்து கொள்வது போலவே அந்த மனுஷர் நடந்து கொண்டிருக்கிறார் பாருங்கள்.

அப்புறம் பக், ரே ஹன்ட்டின் வகுப்பைப் பார்த்தார். டாமையும் சந்தித்தார். வாழ்க்கை முழுக்க அதுவே வேலை என்று ஆகிவிட்டது. நிகோலஸ் இவான்ஸ் 1995-ல் எழுதிய 'தி ஹார்ஸ் விஸ்பரர்' நாவல் 1998-ல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்து இயக்கிய படமானபோது, குதிரை விஷயங்களுக்கு ஆலோசகர் பக்தான். 2011-ல் அவரைப் பற்றியே 'பக்' என்று ஒரு டாக்குமெண்டரி வந்து, சன்டான்ஸ் விழாவில் ரசிகர்களின் விருதைப் பெற்றது.

அந்தப் படத்தில் ஒரு இளங்குதிரை வருகிறது. பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிழைத்தது. ஒழுங்காக வளர்க்கவில்லை. மனுஷர் மேல் பாய்கிறது. ஒருவர் தலையைக் கடித்து ரத்தக் களரி ஆக்கிவிடுகிறது. பக்காலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் உயிரை முடித்துவிடுவது என்று சொந்தக்காரர் தீர்மானிக்கிறார். தோற்றது குதிரை இல்லை, அதைக் கைவிட்ட மனுஷர்கள்தான் என்பது பக்கின் தீர்ப்பு. மந்திரம் போட்டு எல்லாக் குதிரையையும் மாற்றிவிட்டார்கள் என்று படம் முடிந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் குட்டி லாரியில் ஏறிப்போகும் காட்சிக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் நிஜம் என்று பட்டது.

பி.காம் படித்தவன் என்பதால் எனக்கு இது இப்படித் தோன்றுகிறது. அடி என்பது ஒரு பாக்கி. தாத்தா அப்பாவுக்குக் கொடுத்தார், அப்பா பிள்ளைக்கு, வாத்தியார் மாணவனுக்கு, மேனேஜர் கிளார்க்குக்கு, கிளார்க் வீட்டுக்கு வந்து யாருக்கோ. வருஷா வருஷம் போன கணக்கின் மிச்சம் அடுத்த கணக்கின் முதல் வரியாக ஏறிக்கொண்டே போகும். பக் அந்த வரியை வாங்கிக் கொண்டார், எழுதாமல் விட்டார். அவர் பாக்கியை எந்தக் குதிரையும் கட்டவில்லை.

*

அண்ணன் பில் 1999-ல் காலமானார். அவர் வழியைச் சொல்லும் புத்தகம் அந்த வருஷம்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 93. டாம் 2003-ல் போனார். ரே 2009-ல். இப்போது அவர்களை நேரில் பார்த்தவர்களே வயசாளிகள்.

ஆனாலும் அந்தப் பக்கத்துக் குதிரைக்காரர்கள் கூடுகிற இடத்தில் போய்க் காதைக் கொடுத்தால், இந்தப் பெயர்கள் நிகழ்காலத்தில்தான் புழங்குகின்றன. "இந்த இடத்துல டாம் என்ன பண்ணுவார்?" என்றுதான் பேச்சு. நம் சங்கீதக்காரர்கள் 'இது இன்னார் பாடாந்தரம்' என்று காதைத் தொட்டுக் கொள்வார்களே, அதே மாதிரி. பக்கும் ரேயின் மனைவியும் சேர்ந்து, டாம், ரே இருவர் நினைவாகக் கூட்டங்கள் நடத்தி, இளம் குதிரைக்காரர்கள் கற்றுக்கொள்ள உதவித்தொகைக்கு வழி செய்தார்கள். மாலை போட்டு ஒரு நிமிஷம் மௌனம் அனுஷ்டிப்பதைவிட இது நல்ல திவசம்.

இதே வித்தையை வைத்துக்கொண்டு வீடியோ, விசேஷக் குச்சி, சர்டிபிகேட் என்று கடை போட்டவர்களும் பின்னால் நிறைய வந்தார்கள். தப்பில்லை, வயிற்றுப் பிழைப்பு. டாம் மட்டும் தன் முறைக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பெயர் இல்லாத சரக்குக்கு டிரேட் மார்க் எப்படி வாங்குவது? வியாபாரம் படித்தவனுக்கு இது பெரிய கோட்டை விட்ட சமாசாரம். ஆனால் குச்சி விற்றவர்களின் மாணவர்கள் குச்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். டாமின் மாணவர்கள் குதிரையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

உங்களுக்கும் எனக்கும் குதிரை வாங்குகிற உத்தேசம் இல்லை. நிறுத்தவும் இடமில்லை. ஆனால் இந்த வாரம் வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது நீங்கள் கேட்டபடி அரை அடி நகர்ந்தால், ஏன் ஒரு அடி நகரவில்லை என்று கேட்காதீர்கள். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். மிச்ச அரை அடி தானாக வரும்.